கழுகு முத்திரை போட்ட தங்க லைகா

கேள்வி: ஐயா, நான் மும்பையில் செம்பூரில் இருக்கிறேன். ஐரோலியில் ஐ.டி. வேலை. இரண்டு வருடமாகப் பழைய ஃபிலிம் கேமராக்கள் சேர்க்கிறேன், இதுவரை பதினோரு கேமரா ஆகிவிட்டது. போன மாதம் சோர் பஜாரில் தங்க முலாம் பூசிய ஜெர்மன் லைகா கேமரா ஒன்றை 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். மேலே கழுகும் ஸ்வஸ்திகாவும் பொறித்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஒரு ஜெர்மன் அதிகாரி வைத்திருந்தது என்றார் கடைக்காரர். மரப்பெட்டியும் கொடுத்தார். அதே கடையில் ‘கார்ல் ஸைஸ் யேனா சொன்னார் 5 செ.மீ. எஃப்/1.5’ லென்ஸ் ஒன்றை, லைகாவில் மாட்டும் மரையோடு, 65,000 சொல்கிறார். 10,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு இரண்டுமே டூப்ளிகேட் என்கிறார். படங்கள் அனுப்பியிருக்கிறேன். பாக்கிப் பணத்தைக் கொடுக்கலாமா? இனிமேல் ஏமாறாமல் வாங்குவது எப்படி? (மனைவியிடம் கேமரா 8,000 என்று சொல்லி வைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.)

பதில்: பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன் தம்பி. உங்கள் தங்க லைகா, லைகா இல்லை. லென்ஸுக்குப் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் நண்பர் சொன்னது சரி. ஆனால் எப்படிக் கண்டுபிடித்தார் என்று அவர் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. அது தெரியாவிட்டால் அடுத்த கடையில் இன்னொருவர் இன்னொன்றைத் தலையில் கட்டிவிடுவார்.

நீங்கள் அனுப்பிய ஏழு படங்களில் ஐந்து மேல்தகட்டைத்தான் காட்டுகின்றன. கழுகு, எழுத்து, நம்பர், மறுபடியும் கழுகு. போலி செய்தவர் நீங்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாரோ, அதையேதான் படமும் எடுத்திருக்கிறீர்கள். ஆறாவது படம் தற்செயலாக எடுத்தது போலத் தெரிகிறது. கேமரா சாய்ந்து கிடக்கிறது, அடித்தகட்டின் ஒரு ஓரம் தெரிகிறது. ஃபிலிம் போடுவதற்காகத் திறக்கும் பூட்டு அங்கேதான் இருக்கும். பெரிதாக்கிப் பாருங்கள். பூட்டின் ஒரு பக்கம் ஒரு வட்டம், இன்னொரு பக்கம் ‘3’ போல ஒன்று. அது மூன்று இல்லை. ரஷ்ய மொழியில் ‘மூடு’ என்பதன் முதல் எழுத்து. வட்டம் ‘திற’ என்பதன் முதல் எழுத்து. ஜெர்மன் லைகாவில் அந்த இடத்தில் பெரும்பாலும் ‘ஆஃப்’, ‘ட்சூ’ என்று ஜெர்மன் சொற்கள் இருக்கும். கழுகு பொறிக்க ஒரு நாள் செலவழித்தவர் அடித்தகட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. சில போலிகளில் அதையும் ராவி எடுத்துவிட்டு ஜெர்மன் சொல்லைப் போட்டிருப்பார்கள். உங்களுடையதைச் செய்தவர் கொஞ்சம் சோம்பேறி.

சரி, படத்தை வைத்து நான் சொல்வதை விட்டுவிடுங்கள். வீட்டிலேயே நீங்கள் பார்க்கலாம். கேமராவை மேசைமேல் துணி விரித்து வையுங்கள். லென்ஸை இடப்பக்கமாகச் சுற்றினால் மரையிலிருந்து கழன்று வரும். இப்போது அந்த வட்டத் துளைக்குள் டார்ச் அடித்து மேல்புறத்தைப் பாருங்கள். சின்னதாக ஒரு உலோகக் கை நீட்டிக்கொண்டிருக்கும். விரலால் மெல்ல அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரும். லென்ஸைத் திருகும்போது அதன் பின்விளிம்பு இந்தக் கையைத் தள்ளும், கை ரேஞ்ச்ஃபைண்டரை, அதாவது தூரம் பார்த்து ஃபோகஸ் செய்ய உதவும் அமைப்பை, நகர்த்தும். அந்தக் கையின் நுனியில் லைகாவில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும், உருளும். ரஷ்யக் கேமராவில் சக்கரம் கிடையாது. செருப்பின் முனை போல, ஆப்பு வடிவத்தில் ஒரு தகடுதான் இருக்கும். முப்பது வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். யாராவது தங்க லைகா என்று கொண்டுவந்தால் நான் கழுகையே பார்ப்பதில்லை, நேராக லென்ஸைக் கழற்றிவிடுவேன். ஆப்பு தெரிந்ததும் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டு, டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்பேன்.

இன்னும் ஒன்று, லென்ஸைக் கழற்றாமலே பார்க்கக் கூடியது. ஷட்டர் பொத்தானைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறதல்லவா? லைகாவில் அதன் வெளிப்பக்கம் மரை வெட்டியிருக்கும், கேபிள் ரிலீஸின் (கேமராவைத் தொடாமல் ஷட்டரை அழுத்த உதவும் கம்பி) தலையை அதில் திருகுவதற்காக. அந்த மரையை மூடிக்கொண்டு ஒரு சின்ன மூடி இருக்கும், சுற்றினால் கழன்று வரும். ரஷ்யக் காப்பியில் அந்த வளையம் வழுவழுவென்று இருக்கும். உங்கள் படத்தில் வழுவழு.

உங்கள் கேமரா லென்ஸின் முன்வளையத்தில் ‘எல்மார்’ என்று, லைகாவின் லென்ஸ் ஒன்றின் பெயர், எழுதியிருக்கிறது. நிஜ எல்மாரில் அப்பர்ச்சர் இதழ்கள் (உள்ளே வரும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் தகடுகள்) முதல் கண்ணாடிக்குப் பின்னாலேயே இருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது போலத் தோன்றும். அதைப் பார்த்துச் செய்த ரஷ்ய லென்ஸில் அவை இன்னும் ஒரு கண்ணாடி தள்ளி உள்ளே இருக்கும். பக்கத்தில் நிஜ எல்மார் ஒன்று இல்லாமல் இதைப் புரிந்துகொள்வது சிரமம். முதல் இரண்டு சோதனையே போதும்.

அப்படியானால் உங்கள் கையில் இருப்பது என்ன? ஃபெட் அல்லது ஸோர்க்கி. இதன் கதை கடைக்காரர் சொன்ன கதையைவிடச் சுவையானது. உக்ரைனில் கார்கிவ் நகரத்தில் அநாதைச் சிறுவர்களுக்காக ஒரு தொழிற்கூடம் இருந்தது. கல்வியாளர் மகரென்கோ நடத்தியது. சோவியத் ரகசியப் போலீஸின் தலைவராக இருந்த ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். அந்தப் பெயரின் முதல் எழுத்துகள்தான் ஃபெட். 1932இல் வெளிவந்த லைகா 2ஐப் பிரித்துப் பார்த்து, அதே மாதிரி கேமராவை 1934இலிருந்து அங்கே செய்து விற்றார்கள். போரில் ஜெர்மன் படை கார்கிவுக்குள் வந்தபோது தொழிற்சாலையைக் கிழக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. போருக்குப் பிறகு மாஸ்கோவை ஒட்டிய கிராஸ்னோகோர்ஸ்க் தொழிற்சாலையும் 1948இல் இதே கேமராவைச் செய்ய ஆரம்பித்தது. அதுதான் ஸோர்க்கி. இவர்கள் யாரும் இதை லைகா என்று சொல்லி விற்கவில்லை. தங்கள் பெயரைத்தான் போட்டார்கள்.

பெயரை ராவி எடுத்துவிட்டு லைகா என்று பொறிக்கும் வேலை பின்னால் வந்தது. பெரும்பாலும் 1980, 90களில், கிழக்கு ஐரோப்பாவில். சோவியத் யூனியன் உடைந்த சமயத்தில் ஃபெட்டும் ஸோர்க்கியும் காய்கறி விலைக்குக் கிடைத்தன. வெளிநாட்டுப் பயணிகள் போர்க்கால நினைவுப் பொருள் தேடினார்கள். கழுகு போட்டால் ஒரு விலை, ஒலிம்பிக் வளையம் போட்டு பெர்லின் 1936 என்று எழுதினால் ஒரு விலை, தங்க முலாமும் பாம்புத்தோலும் என்றால் இன்னும் மேலே. ஜெர்மன் விமானப்படைக்கென்று முத்திரை பொறித்த நிஜ லைகாக்கள் உண்டு. ஆனால் அவை சாம்பலும் குரோமுமாக, வேலைக்கென்று செய்தவை. போர்முனைக்குப் போகிறவன் தங்கம் பூசிய கேமராவை மாட்டிக்கொண்டு போவானா? அதை மட்டும் கடையிலேயே யோசித்திருந்தால் உங்கள் 38,000 தப்பியிருக்கும். லைகா நிறுவனமே தங்க முலாம் பூசிய ‘லக்ஸஸ்’ மாடலை 1930ஐ ஒட்டிய வருடங்களில் செய்தது, நூறுக்கும் குறைவாக. அதில் ஒன்று நடைபாதைக்கு வந்து, உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்காது.

இதைப் படித்துவிட்டு அந்தக் கேமராவைப் பரணில் போட்டுவிடாதீர்கள். ஷட்டர் துணியில் ஓட்டை இல்லையென்றால் அது படம் எடுக்கும், நன்றாகவே எடுக்கும். வேலை செய்கிற ரஷ்யக் கேமரா, கூடவே போலிகளைச் சேர்க்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதால் பன்னிரண்டு, பதினைந்தாயிரம் மதிப்பு போடலாம். என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே 38,000க்கு முலாமும் கழுகும் இல்லாத, ஓரங்கள் தேய்ந்த, நிஜமான லைகா 3 பாடி ஒன்று கிடைத்திருக்கும். அது கடையில் அசட்டுக் குரோமில் தூசி படிந்து கிடந்திருக்கும், நீங்கள் தாண்டிப் போயிருப்பீர்கள்.

இனி லென்ஸ். கடைக்காரர் சொன்னார், நீங்கள் சொன்னாரை நம்பினீர்கள். (லென்ஸின் பெயரே அப்படி இருந்தால் நான் என்ன செய்வேன்!) இது கேமராவைவிடக் கஷ்டமான கேஸ், ஏனென்றால் இது முட்டாள்தனமான போலி இல்லை.

சொன்னார் லென்ஸை வடிவமைத்தவர் லுட்விக் பெர்ட்டெலே. எஃப்/1.5 லென்ஸ் 1932இல், லைகாவுக்குப் போட்டியாக ஸைஸ் என்ற ஜெர்மன் நிறுவனம் கொண்டுவந்த கான்டாக்ஸ் கேமராவுக்காக வந்தது. கான்டாக்ஸில் லென்ஸைத் திருகி மாட்ட முடியாது, அதன் மவுண்ட், அதாவது லென்ஸ் மாட்டும் வாய், வேறு. உங்களுக்குக் காட்டிய லென்ஸிலோ லைகாவின் 39 மி.மீ. மரை இருக்கிறது. லைகா மரையோடு சொன்னாரே கிடையாதா என்றால், உண்டு. போர்க்காலத்தில் கொஞ்சம் செய்தார்கள். அந்த ‘கொஞ்சம்’தான் போலி செய்பவருக்குச் சோறு போடுகிறது. போருக்குப் பிறகு சோவியத் யூனியன் ஜெர்மனியிலிருந்து கண்ணாடியும் வரைபடங்களும் கொண்டுபோய், இதே லென்ஸை ஜூப்பிட்டர்-3 என்ற பெயரில் லைகா மரையோடு ஆயிரக்கணக்கில் செய்தது. ஜூப்பிட்டரின் பெயர் முன்கண்ணாடியைச் சுற்றியிருக்கிற வளையத்தில் இருக்கிறது. வளையத்தை மாற்றி எழுதினால் சொன்னார் தயார்.

இப்போது உங்கள் ஏழாவது படம். லென்ஸ் உங்கள் உள்ளங்கையில், மேலே கடையின் டியூப்லைட். கண்ணாடிக்குள் டியூப்லைட் இரண்டு மூன்று கோடுகளாகப் பிரதிபலிக்கிறது. அந்தக் கோடுகளின் நிறத்தைப் பாருங்கள், ஊதா. அதாவது கண்ணாடியில் கோட்டிங் இருக்கிறது. பூச்சில்லாத கண்ணாடி என்றால் வெள்ளை வெளேரென்று டியூப்லைட் அப்படியே தெரியும். அடுத்து வளையத்தில் உள்ள நம்பரைப் பாருங்கள், பதினேழு லட்சத்துச் சொச்சம். ஸைஸ் லென்ஸ்களில் அந்த எண் 1935, 36 வாக்கில் வந்தது. கோட்டிங் முறையை ஸைஸில் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்து 1935இல்தான் காப்புரிமை வாங்கினார்கள். வெளியில் விற்ற லென்ஸ்களுக்கு அது வர மேலும் சில வருடம் ஆயிற்று. அப்படி வந்தவற்றில் பெரும்பாலும் சிவப்பில் ‘டி’ என்ற எழுத்து இருக்கும். உங்கள் வளையத்தில் ‘டி’ இல்லை. எண் ஒரு காலம், மவுண்ட் ஒரு காலம், கண்ணாடி ஒரு காலம். பிறகு யாரோ கோட்டிங் போட்டிருக்கலாமே என்று கடைக்காரர் சொல்வார். போட்டிருக்கலாம்தான், அப்படி நடந்ததும் உண்டு. ஆனால் 65,000 கேட்கும் சாமானுக்கு மூன்று ‘இருக்கலாம்’ அதிகம்.

நான் போலி என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வதற்கு இன்னொரு காரணம், வளையத்தின் எழுத்துகள். தொழிற்சாலையில் எழுத்தை வெட்டிய பிறகு பெயின்ட் நிரப்புவார்கள், கோட்டின் அகலம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒன்றாக இருக்கும். உங்கள் படத்தில் ‘யேனா’ என்ற சொல்லின் கடைசி எழுத்து மற்றவற்றைவிடத் தடியாக இருக்கிறது, வெள்ளைப் பெயின்ட் வரப்பைத் தாண்டி வழிந்திருக்கிறது. பழைய பெயின்ட் இத்தனை வருடத்தில் லேசாக மஞ்சள் தட்டியிருக்கும். இது நேற்று வாங்கிய கரெக்‌ஷன் பேனா வெள்ளை.

ஜூப்பிட்டர்-3 மட்டமான லென்ஸ் இல்லை. என்னிடமே ஒன்று இருக்கிறது, கல்யாண வீடுகளில் விளக்கு வெளிச்சத்தில் எடுத்திருக்கிறேன், முகங்கள் அழகாக வரும். 1950களில் கிராஸ்னோகோர்ஸ்கில் செய்தவற்றில் நம்பரின் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் வருடத்தைக் காட்டும், 56 என்று தொடங்கினால் 1956. ஜூப்பிட்டர் என்று சொல்லி ஜூப்பிட்டர் விலைக்குக் கொடுத்தால் தாராளமாக வாங்குங்கள்.

நீங்கள் மட்டும் ஏமாந்தீர்கள் என்று நினைக்க வேண்டாம். நானும் கையைச் சுட்டுக்கொண்டவன்தான். 2004இல் ஒருவர் கறுப்பு லைகா எம்3 கொண்டுவந்தார். எம்3 1954இல் வந்த மாடல், 700000க்கு மேல் நம்பர். அநேகமாக எல்லாம் வெள்ளிக் குரோம். தொழிற்சாலையிலேயே கறுப்புப் பெயின்ட் அடித்து வந்தவை குறைவு, அதனால் அவற்றின் விலை பல மடங்கு. அவர் கொண்டுவந்ததில் ஓரங்களில் கறுப்பு தேய்ந்து பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. அந்த மஞ்சளைப் பார்த்து நான் மயங்கிவிட்டேன். குரோம்மேல் பெயின்ட் அடித்தால் தேயும்போது வெள்ளி தெரியும், பித்தளை தெரியாது, ஆகவே நிஜம் என்று கணக்குப் போட்டேன். இருந்த சேமிப்பையெல்லாம் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து வியூஃபைண்டரைச் சுத்தம் செய்ய மேலே ஃபிளாஷ் மாட்டும் தகட்டைக் கழற்றினேன். தகட்டின் அடியில் பளபளவென்று குரோம். வெளியே தெரிகிற இடங்களில் மட்டும் குரோமை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு பெயின்ட் அடித்திருக்கிறார்கள். தகட்டைக் கழற்ற அவர்களுக்குப் பொறுமை இல்லை. அப்புறம் பார்த்தால் எல்லாமே தெரிந்தது. தேய்த்ததில் மேலே பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தது, ஆழமும் குறைந்திருந்தது. தேய்மானமும் தப்பான இடத்தில். இருபது வருடம் ஒருவன் கேமராவைப் பிடித்தால் ஃபிலிம் நகர்த்தும் லீவர் தேயும், வலது கட்டைவிரல் படுகிற இடம் தேயும், வார் மாட்டும் வளையத்தைச் சுற்றித் தேயும். என்னுடையதில் நான்கு மூலையும் ஒரே அளவில் தேய்ந்திருந்தது, லீவர் மட்டும் புத்தம் புதிது. கறுப்பு எம்3 எந்தெந்த நம்பர் வரிசையில் வந்தது என்ற பட்டியல் புத்தகங்களில் இருக்கிறது. என்னிடமே அந்தப் புத்தகம் இருந்தது. பணம் கொடுத்த பிறகுதான் அலமாரியிலிருந்து எடுத்தேன். நான்தான் தொழில்காரன், நீங்கள் இரண்டு வருடப் பழக்கம்.

நம்பரைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். லைகாவின் பழைய பதிவேடுகள் ஜெர்மனியில், வெட்ஸ்லாரில் இன்னும் இருக்கின்றன. சீரியல் நம்பரைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அந்தக் கேமரா எந்தத் தேதியில் எங்கே அனுப்பப்பட்டது என்று எடுத்துச் சொல்வார்கள். பெரிய தொகை போடுவதற்கு முன் இதைச் செய்வது நல்லது. ஆனால் நம்பர் சரியாக இருப்பதாலேயே கேமரா சரி என்று ஆகாது. போலி செய்பவரும் அதே பட்டியலைத்தான் பார்க்கிறார்.

மும்பையில் எனக்கு அதிகமாக வருவது கழுகு லைகா இல்லை. வருடத்துக்கு ஒன்றிரண்டு வந்தால் அதிகம். நிஜமான பிராண்டில் நிஜமல்லாத நிலைதான் இங்கே தொல்லை. இந்த ஊர் மழைக்காலத்தைச் சொல்ல வேண்டியதில்லை, நான்கு மாதம் அலமாரியில் வைத்த லென்ஸில் பங்கஸ் வேர் விடும். அதைக் கழற்றி, கண்டதையும் போட்டுத் துடைத்து, கோட்டிங் போனது போக மிச்சத்தைப் பளபளப்பாக்கி ‘மிண்ட்’, அதாவது புத்தம் புதிது போல, என்று விற்பார்கள். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள். மூடுபனி மாதிரி ஒரு வெண்மை, அல்லது சிலந்தி வலை போல நூல் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். இரண்டு உடைந்த லென்ஸிலிருந்து ஒன்று தேற்றியதும் வரும். திருகாணித் தலைகளைப் பாருங்கள். தொழிற்சாலைக்குப் பிறகு யாரும் தொடாத திருகாணியின் வெட்டு நேராக, கூர்மையாக இருக்கும். ஸ்க்ரூட்ரைவர் வழுக்கிய தழும்பு இருந்தால் உள்ளே யாரோ போய்வந்திருக்கிறார்கள். ரிப்பேர் செய்ததற்காக ஒதுக்க வேண்டாம், யார் செய்தது, என்ன செய்தது என்று கேளுங்கள்.

அப்புறம் அந்த மரக்கேமராக்கள். பித்தளை லென்ஸ், தேக்கு முக்காலி, ‘லண்டன்’ என்று ஒரு தகடு. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பஜாருக்குப் போகிறவர் கண்ணில் படாமல் இருக்காது. முராதாபாத், ரூர்க்கி பக்கம் வரவேற்பறை அலங்காரத்துக்காகச் செய்கிற சாமான்கள் இவை. அங்கிருந்தே தொலைநோக்கியும் திசைகாட்டியும் இதே லண்டன் தகட்டோடு வரும். அலங்காரப் பொருளாக விற்றால் தவறில்லை, நூறு வருடப் பழையது என்று சொன்னால்தான் வம்பு. பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள். உருவம் விழும் தேய்த்த கண்ணாடி இருக்கிறதா, ஃபிலிம் பிளேட் செருக இடம் இருக்கிறதா, துருத்தி விரிந்து சுருங்குகிறதா? அலங்காரக் கேமராவில் துருத்தி வெறும் மடிப்பாக ஒட்டியிருக்கும். நிஜமான மரக்கேமரா வேண்டுமென்றால் லண்டன் வரை ஏன் போக வேண்டும்? ஆலப்புழையில் கருணாகரன் என்பவர் 1940களிலிருந்து செய்த ‘வாகீஸ்வரி’ கேமராக்கள் ஒரு காலத்தில் நாடு முழுக்க ஸ்டுடியோக்களில் நின்றன. இப்போதும் ஊர்ப் பக்கம் பழைய ஸ்டுடியோ மூடும்போது ஒன்று கிடைக்கும். அதைத் தூக்கிப் பாருங்கள், அப்புறம் அலங்காரச் சாமான் உங்களை ஏமாற்றாது.

கண்ணால் படிப்பதைவிடக் கைதான் இதில் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். கோட்டை பக்கம், சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்திலிருந்து தாதாபாய் நவ்ரோஜி சாலையில் இறங்கினால் பழைய கேமராக் கடைகள் இருக்கின்றன. வாங்காவிட்டாலும் ஒரு நிஜ லைகாவைக் கையில் வாங்கி ஃபிலிம் நகர்த்திப் பாருங்கள், உடனே உங்கள் தங்கக் கேமராவை நகர்த்திப் பாருங்கள். ஒன்று வெண்ணெயில் கத்தி, இன்னொன்று கிணற்று ராட்டினம். கடைக்குப் போகும்போது சின்ன எல்.இ.டி. டார்ச், நகைக்காரர் கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி, இரண்டும் பையில் இருக்கட்டும். லென்ஸைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கூடாது என்கிற கடையில் வாங்க வேண்டாம். இத்தனை நாளில் நியாயமான வியாபாரி ஒருவரும் அதற்கு மறுத்து நான் பார்த்ததில்லை.

இப்போது பணம். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவரே இன்னொருவரிடம் கதையோடு சேர்த்து வாங்கியிருக்கலாம். கேமராவைக் கொண்டுபோய் அவர் முன்னாலேயே லென்ஸைக் கழற்றி ஆப்பைக் காட்டுங்கள், அடித்தகட்டில் ‘3’ஐக் காட்டுங்கள். திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முழுப் பணம் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸையும் சேர்த்து வேறு சாமானாக ஈடு தருகிறேன் என்பார். அதற்கு ஒத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தச் சாமானையும் கழற்றிப் பார்த்துவிட்டு. பில்லில் ‘லைகா’ என்று எழுதிக் கொடுத்திருந்தால், அல்லது பணம் யு.பி.ஐ.யில் போயிருந்தால், உங்கள் பேச்சுக்குக் கொஞ்சம் கனம் இருக்கும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்தான். 38,000க்காக எத்தனை வாய்தா போக முடியும் என்பதை உங்கள் லீவுக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அவர் எடுத்துக்கொள்ளவில்லை, நீங்கள் வேறு யாருக்காவது விற்கிறீர்கள் என்றால், ரஷ்யக் கேமரா, லைகா என்று பின்னால் பொறித்தது என்று எழுதியே விற்க வேண்டும். தெரிந்த பிறகு லைகா என்று விற்றால் உங்களுக்கும் அந்தக் கழுகைப் பொறித்தவருக்கும் வித்தியாசம் இல்லை, சட்டத்தின் முன்னாலும் இல்லை. போலி வணிகக் குறி போட்ட பொருளைத் தெரிந்தே விற்பது குற்றம்.

மனைவியிடம் 8,000 என்று சொன்னதைப் பற்றி என்னிடம் ஆலோசனை கேட்கவில்லை. நானும் எம்3 விஷயத்தை வீட்டில் சொல்ல ஏழு மாதம் எடுத்துக்கொண்டேன், அதனால் எனக்கு அதில் பேச வாயில்லை. பெட்டியை மட்டும் அவர் கண்ணில் படும் இடத்தில் வைக்காதீர்கள். மரப்பெட்டியே 8,000 பெறும் போலிருக்கிறது.

கடைக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள். அன்றைக்கு சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட் கடைகள் மூடியிருக்கும், தெருவில் வேறு ஆட்கள் பரப்பியிருப்பார்கள். உங்கள் ஆளைப் பார்க்க முடியாது, பார்வைக்கு அழகாக இன்னொரு கேமராதான் கிடைக்கும். சனிக்கிழமை காலையில், கூட்டம் சேர்வதற்குள் போய்விடுங்கள். அந்த நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.